சும்மா பிளேட்டில் முளைத்தது

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து நிவேதா என்ற பெண் போனில் கூப்பிட்டாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். பழைய பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றும் வேலை நடக்கிறதாம்.

"மேடம், ஒரு சந்தேகம். ஒரு பாக்டீரியாவுக்கு மட்டும் குறிப்பு அரைப் பக்கம் இருக்குது. அதுல உங்க பேரும் இருக்குது. கொஞ்சம் ஒரு மாதிரியா எழுதி இருக்குது. டைப் பண்ணவா, விட்டுடவா? இப்பல்லாம் ஜீனோம் ரிப்போர்ட்டே வந்துடுது, எங்கேருந்து வந்ததுன்ற கதையெல்லாம் எதுக்குன்னு சார் கேக்குறாரு."

"ரெண்டு நாள் டைம் குடும்மா" என்றேன். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த அரைப் பக்கத்தைச் சொல்லாமல் அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை நுண்ணுயிர்களைச் சேர்த்து வைப்பது. மண், தண்ணீர், இலை, மருத்துவமனையிலிருந்து வரும் மாதிரி என்று எங்கெங்கிருந்தோ வருகிற பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தனித்தனியாகப் பிரித்து, உறைய வைத்து உலர்த்தி, சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பியில் அடைப்போம். எந்த ஊர் ஆராய்ச்சியாளர் கேட்டாலும் ஒரு குப்பியும் ஒரு தாளும் போகும். அது என்ன, எங்கே கிடைத்தது, யார் எடுத்தது என்று தாளில் இருக்கும். பல வருடம் கழித்துக் குப்பியை உடைத்துச் சொட்டு நீர் விட்டாலும் உள்ளே இருப்பது விழித்துக்கொள்ளும். உலர்த்துவதற்கு முன் கொழுப்பு எடுத்த பாலில் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி செத்துப்போகும். கிருமிக்குப் பாலா என்று முதல் நாள் கேட்டுச் சிரித்தவள் நான்.

அப்பா மில் தொழிலாளி. பிளஸ் டூ முடித்ததும் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். கழுவிக் கொடுத்த பாட்டிலில் என்ன ஊற்றுகிறார்கள் என்று எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்தே, மீடியா என்கிற கிருமித் தீனிக் கூழைக் காய்ச்சவும், அதை மூடியுள்ள வட்டத் தட்டில் பிளேட்டாக ஊற்றவும், கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டுக் கிருமியைத் தொட்டு அதன் மேல் கோடு இழுக்கவும் கற்றுக்கொண்டேன். நடுவில் தபால் வழியில் ஒரு டிகிரி. பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. புதுச்சேரியில் சாரம் என்கிற பகுதியில், எங்கள் தெருவில் மட்டும் நான் இன்றைக்கும் 'கிருமி வளக்கிற கஸ்தூரி'. பிள்ளைகளைத் தூக்கப் போனால், கை கழுவினியா என்று கேட்பார்கள்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் மதலேன் மேடம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எதையும் 'அலோர்' என்றுதான் தொடங்குவார். 'சரி, அப்புறம்' என்கிற மாதிரி ஒரு சொல் அது. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காதுக்குப் பின்னால் ஒரு பென்சில் இருக்கும். நாம் தவறாக ஏதாவது சொன்னால் பென்சில் காதிலிருந்து கைக்கு வரும், அவ்வளவுதான். அந்தப் பென்சில் இறங்குவதைப் பார்த்து டாக்டர் பட்டம் வாங்கினவர்களே வேர்த்துப் போயிருக்கிறார்கள்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: "எங்கேருந்து வந்தது?" மாம்பழம் கொடுத்தாலும் கேட்பார், ஆபீசில் ஒரு வதந்தி சொன்னாலும் கேட்பார். ஒரு பெரிய பேராசிரியர் அனுப்பிய மாதிரியில் 'மண், புதுச்சேரி' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். "புதுச்சேரில எந்த மண்ணு கஸ்தூரி? கடற்கரை மண்ணா, கல்லறை மண்ணா? எடம் தெரியாத உயிரை வெச்சி நான் இன்னா பண்றது?"

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். எத்தனை பிளேட்டில் மாதிரியைப் பரப்பினாலும், கூடவே ஒரு பிளேட் எதுவும் பரப்பாமல் அதே அறையில், அதே நேரம் திறந்திருந்து மூடப்பட வேண்டும். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். நாங்கள் 'சும்மா பிளேட்' என்போம். அதில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் காற்றிலோ கையிலோ அழுக்கு இருக்கிறது, மற்ற பிளேட்டில் வந்ததையும் நம்பக் கூடாது என்று அர்த்தம். காலையில் முதலில் வந்து பிளேட்டுகளைப் பார்ப்பது என் வேலை. சும்மா பிளேட்டைத்தான் முதலில் எடுப்பேன்.

இனி தேன்மொழி. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், எங்களிடம் பிஎச்.டி. செய்ய வந்தவள். நெல் தோகையோ கரும்புச் சோகையோ கண்ணில் கீறி, அந்தக் கீறலில் பூஞ்சை புகுந்து பார்வை போகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம். அவளுடைய சித்தப்பாவுக்கு ஒரு கண் அப்படித்தான் போனது. அந்தப் பூஞ்சையை அடக்குகிற பாக்டீரியா எங்காவது இருக்காதா என்று தேடுவதுதான் அவள் ஆராய்ச்சி. கனகசெட்டிக்குளத்துக்கு அந்தப் பக்கம் உப்பங்கழியில் முழங்கால் சேற்றில் இறங்கி, வாரா வாரம் டப்பா டப்பாவாகச் சேறு கொண்டு வருவாள். இரண்டு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. உதவித்தொகைக் காலம் முடிய இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. "அக்கா, இந்தச் சேத்துல நண்டைத் தவிர ஒண்ணும் இல்லக்கா" என்பாள். என்னிடம் அவளுக்கு அத்தனை ஒட்டுதல், டிபன் பாக்ஸைக்கூடக் கேட்காமல் திறப்பாள்.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. மதலேன் மேடத்துக்குப் பூசையில் விரோதம் இல்லை, பொரியும் சுண்டலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஆனால், "சாமி காரிடார் வரைக்கும் வரட்டும். உள்ள வரணும்னா கோட்டு போட்டுகினு வரணும்" என்பார். பச்சை எதுவும் பிளேட் ஊற்றும் அறைக்குள் போகக் கூடாது. அந்த வாரம் அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். இத்தனை வருடமாகச் சோறு போடுகிற கருவிகளுக்கு வெளியே நின்றே கற்பூரம் காட்டுவது எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில், குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு வாழைக்கொல்லை. கொல்லை என்ன கொல்லை, ஒரே ஒரு குத்துதான். அதிலிருந்து இரண்டு கன்றை வெட்டி ஆட்டோவில் கொண்டு வந்தேன். பிளேட் ஊற்றும் உள் அறைக்குள்ளேயே, கதவின் இரண்டு பக்கமும் கட்டினேன். உயரம் அதிகமாக இருந்ததால் அங்கேயே வைத்து அடியைச் சீவினேன். பால் சொட்டியது, துணியால் துடைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, முழுக்க முழுக்க என் வேலை.

நாலு நாள் தொடர்ந்து விடுமுறை. திரும்பி வந்த காலையில் கன்று இரண்டும் வாடித் தொங்கின. மேடம் மதியம் வந்துவிடுவாரே என்று அவசர அவசரமாக அவிழ்த்து அறை வழியாகத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். தேன்மொழி பின்னாலேயே வந்தாள். பிரிட்ஜில் சேறு காத்திருக்கிறது, இன்றைக்கே பரப்பணும் என்றாள். "ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிடறேன், பரப்பும்மா" என்றேன். பூஞ்சை கலந்த மீடியா ஊற்றிய பிளேட்டுகளில் அவள் சேற்று நீரைப் பரப்பினாள். பக்கத்தில் அதே மீடியா ஊற்றி, சேறு மட்டும் விடாத சும்மா பிளேட்டும் திறந்திருந்தது; அதில் அந்தப் பூஞ்சையைத் தவிர வேறு எதுவும் வரக் கூடாது.

மூன்றாம் நாள் காலை. எல்லாப் பிளேட்டிலும் பூஞ்சை பஞ்சு மாதிரி படர்ந்திருந்தது. மூன்று பிளேட்டில் மட்டும் ஒவ்வொரு புள்ளி. சுருங்கின அப்பளம் மாதிரி வெள்ளையாக ஒரு பாக்டீரியாக் கூட்டம், அதைச் சுற்றி ரூபாய்க் காசு அகலத்துக்குப் பளிங்கு வட்டம். பூஞ்சை அந்த வட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வட்டத்தை நான் பார்த்ததில்லை. வழக்கத்துக்கு மாறாக அன்றைக்குச் சும்மா பிளேட்டை நான் கடைசியில்தான் எடுத்தேன். அதிலும் அதே அப்பளம், அதே வட்டம்.

வாழைக்கன்று நினைவுக்கு வந்தது. மேடத்துக்குத் தெரிந்தால் என்று ஒரு கணம்தான் நினைத்தேன். அந்தப் பிளேட்டை எடுத்து ஆட்டோகிளேவில் போகிற பையில் போட்டேன். குக்கர் மாதிரி நீராவி அழுத்தத்தில் வேகவைத்து எல்லாக் கிருமியையும் கொல்லும் பெட்டி அது. மற்ற பிளேட்டும் கெட்டுப் போச்சு, மறுபடி பரப்பும்மா என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் நான் திரும்புவதற்குள் தேன்மொழி வந்து வட்டத்தைப் பார்த்துவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சும்மா பிளேட் இன்னாச்சிக்கா?"

"ஒண்ணும் இல்ல. வேகப் போட்டுட்டேன்" என்றேன்.

நோட்டில் அவள் 'சுத்தம்' என்று எழுதினதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்தப் பாக்டீரியாவுக்குக் 'கழி மூன்று' என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் அது எங்களுக்குச் செல்லப்பிள்ளை. நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த பூஞ்சை எதைக் கொடுத்தாலும் அடக்கியது. தேன்மொழி அது சுரக்கும் பொருளைப் பிரித்தாள், அளந்தாள், கட்டுரை எழுதத் தொடங்கினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசை, ஆனால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். பயத்தைவிட எனக்கு ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. நிஜமாகவே இது என் வாழையில் இருந்ததா? வாழைத் தண்டுக்குள் பாக்டீரியாவுக்கு என்ன வேலை? ஒரு நாள் பின்கட்டில் ஒரு துண்டு தண்டை வெட்டிப் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஸ்பிரிட்டில் துடைத்து, மேல்தோலைத் தீயில் காட்டி, உள்ளிருந்து சாறு பிழிந்து, மற்றக் கிருமிகள் சாகட்டும் என்று சூடாக்கிப் பரப்பினேன்; கழி மூன்று வித்தாக மாறிச் சூட்டையும் ஸ்பிரிட்டையும் தாங்குகிற வகை. இரண்டு நாளில் அப்பளம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதன் பிறகுதான் பயம் வந்தது.

கழி மூன்றின் மரபணு எழுத்து முழுவதையும் வாசித்த ஜீனோம் ரிப்போர்ட் வந்தது. மேடம் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தார்.

"அலோர், இது கடல் பக்கத்துச் சேத்துல இருந்து வந்தவன். ஆனா இவன் சொந்தக்காரங்க எல்லாம் செடி கொடியில இருக்குறாங்க. கடல்ல ஒருத்தரும் இல்ல. ஏன் தேன்மொழி?"

"மழைத்தண்ணில வயல்லேருந்து அடிச்சினு வந்திருக்கும் மேடம்."

"இருக்கலாம்" என்றார் மேடம். பென்சில் காதுக்குத் திரும்பவில்லை.

அடுத்த வாரம் கழி மூன்றைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். பாலில் கலந்து, உலர்த்தி, குப்பிகளின் கழுத்தைத் தீயில் உருக்கி மூடினேன். பதிவேட்டைத் திறந்தேன். பெயர் எழுதினேன், தேதி எழுதினேன். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நகரவில்லை. பேச்சில் ஆயிரம் பொய் சொல்லியிருப்பேன். என் கையெழுத்தில், அந்தக் கட்டத்தில், நான் ஒருநாளும் பொய் எழுதினதில்லை. அந்தக் குப்பியைக் கேட்டு வாங்குகிறவர்கள் என் எழுத்தை நம்பி உப்பங்கழியில் போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். தேன்மொழியும் அங்கேதான் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் சொன்னேன். மேடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்தச் சும்மா பிளேட் எங்க?"

"வேக வெச்சிட்டேன் மேடம்."

"அப்போ உங்க வார்த்தை மட்டும்தான் இருக்குது. வார்த்தையக் குப்பியில போட்டு மூட முடியாது கஸ்தூரி. வாழையக் காட்டுங்க."

தேன்மொழி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. கட்டுரைத் தாள்களை ஒன்றாக அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, "என் நோட்டுல சுத்தம்னு எழுதி இருக்குது மேடம். நான் பாக்காத பிளேட்ட நான் எழுதிட்டேன்" என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மேடமே சாரத்துக்கு வந்தார். கழுவி மடித்த பருத்திப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடை ஓரம் குந்தி, ஐந்து தண்டுத் துண்டுகளைத் தன் கையாலேயே வெட்டிப் பையில் போட்டார். என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போடுவதா இடுப்பில் கட்டுவதா என்று தெரியாமல் நின்றார்.

"இன்னா கஸ்தூரி, இவ்ளோ பெரிய டாக்டரம்மாவ பாத்ரூம் பக்கமா கூட்டினு வந்திருக்க?"

"இந்த வாழை எங்கேருந்து வந்தது?" என்று மேடம் அவரைக் கேட்டார். மாமியார் வீட்டிலிருந்து வந்த கன்று என்று அவர் வம்சாவளி சொல்லத் தொடங்க, மேடம் அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

உப்பங்கழிச் சேற்றை ஐந்து இடத்தில் புதிதாக எடுத்தார்கள். வாழையும் சேறும் தனித்தனி நாளில் பரப்பப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சும்மா பிளேட். பார்த்தது மேடமும் தேன்மொழியும், நான் வாசலுக்கு வெளியே. சேற்றில் ஒன்றும் இல்லை. வாழையில் ஐந்துக்கு மூன்றில் அப்பளம். அதில் ஒன்றின் ஜீனோமை வாசித்துப் பார்த்தால், ஏறக்குறைய நாற்பது லட்சம் எழுத்தில் கழி மூன்றோடு உள்ள வித்தியாசத்தைக் கை விரலில் எண்ணிவிடலாம். அப்போதுதான் மேடம் எனக்கு விளக்கினார். கண்ணைக் கெடுக்கும் அந்தப் பூஞ்சையும் வாழையை வாட வைக்கும் பூஞ்சையும் ஒரே குடும்பமாம். வாழை தன்னைக் காத்துக்கொள்ளத் தண்டுக்குள் இந்தப் பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்து வைத்திருக்கலாம் என்றார். 'லாம்' என்பதை அழுத்திச் சொன்னார். நான் தினமும் குளித்த தண்ணீர் அதற்குத்தான் போயிருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஆறு மாதம் என்னைப் பிளேட் பார்க்க விடவில்லை. மறுபடியும் கண்ணாடிச் சாமான் கழுவினேன். தேன்மொழி கட்டுரையைக் கிழித்துப்போட்டு, வாழையும் பாக்டீரியாவும் என்று ஆராய்ச்சியைத் திருப்பிக்கொண்டாள். பட்டம் வாங்க ஒன்றரை வருடம் தாமதமானது. உதவித்தொகை நின்றுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு எடுத்துக்கொண்டே முடித்தாள். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள். "மேடம், பாட்டில் ரெடியா?" என்பாள். அந்த 'மேடம்' எனக்குத் தைத்தது. வேறு யார் கூப்பிட்டாலும் மரியாதையாக இருக்கும் சொல்தான். நான் கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை, யாரிடம் போய் முறையிடுவது?

பதிவேட்டை மேடம் என்னைத்தான் எழுதச் சொன்னார். கிடைத்த இடம்: சாரம், வீட்டு வாழை, குளியலறைத் தண்ணீர் பாயும் இடம். குறிப்பு: முதலில் உப்பங்கழி என்று தவறாகக் கருதப்பட்டது. விதிக்கு மாறாகப் பூசைக்கு உள் அறையில் வாழைக்கன்று கட்டப்பட்டது. சும்மா பிளேட்டிலும் இது வளர்ந்திருந்தது. அந்தப் பிளேட்டை மறைத்தவர்: கஸ்தூரி. இப்படி அரைப் பக்கம். எழுதி முடித்துப் பதிவேட்டை நீட்டினேன். மேடம் படித்துவிட்டு, முதல் தடவையாகப் பென்சிலை வைத்துவிட்டு என் பேனாவை வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தார். 'பார்க்காத பிளேட்டைச் சுத்தம் என்று எழுதிய நோட்டில் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர்: மதலேன்.' எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுறதுன்னா வெளிய போய் அழுங்க, மை இன்னும் காயல" என்றார்.

நேற்று நிவேதாவுக்குப் பதில் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் டைப் பண்ணு, கீழே இருக்கும் வரியையும் சேர்த்து என்றேன். ஜீனோம் அது யார் என்று சொல்லும், எங்கள் அறைக்குள் எப்படி நுழைந்தது என்று அதற்குத் தெரியாது என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"மேடம், அந்தக் குப்பிய இந்த வருஷம் ஒரு காலேஜ்லேருந்து கேட்டிருக்காங்க. கதிர்காமம் பக்கம். புரொபசர் பேரு தேன்மொழி. தாளை மொதல்ல முழுசா அனுப்புங்க, பசங்க குப்பிய ஒடைக்கறதுக்கு முன்னாடி அதைப் படிக்கணும்னு சொன்னாங்க. உங்க நம்பரும் வாங்கினாங்க."

இன்று காலை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஏழு வருடத்துக்கு முன் கேட்ட குரல். நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அடுத்த வாரம் பூசை. பசங்க கேக்குறாங்க. உங்க வாழையில கன்னு இருக்குதா?"

"இருக்குதும்மா. எங்க கட்டப் போற?"

"கேட்டுக்கு வெளிய" என்றாள். பிறகு, "உள்ள ஒரு சும்மா பிளேட் தெறந்து வெக்கப் போறோம். முளைச்சா, முளைச்சிதுன்னு எழுதணும். பசங்களுக்கு நீங்களே வந்து அதைப் பாத்துச் சொல்லுங்கக்கா."